மரத்தளத்துக்கு அடியில் ஈரம்: பலகை குழிகிறது, அறை மணக்கிறது, என்ன செய்யலாம்?

உல்லைக்காரன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பொத்துவில் உல்லையில், அறுகம்குடாக் கடற்கரைப் பக்கம், வாப்பாவின் வளவில் நாலு தனித்தனி அறை கட்டி, சேர்ஃப் அடிக்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு விடுகிறோம். ஒவ்வொன்றும் 14 அடிக்கு 16 அடி. கொங்றீற் தூண் எழுப்பி, நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் தீராந்தி (பலகையைத் தாங்குகிற குறுக்கு மரம்) போட்டு அதற்கு மேல் பைன் பலகை அடித்த தளம். சுவரும் பலகைதான், கூரை ஓடு. நாயும் பாம்பும் அடியில் போய்ப் படுக்கக் கூடாது என்று கட்டித் தந்த கொந்தராத்துக்காரர் தூண்களுக்கு இடையில் சீமெந்துக் கல் வைத்து நாலு பக்கமும் அடைத்து, பக்கத்துக்கு ஒரு கல் அளவு துவாரம் மட்டும் விட்டிருக்கிறார்.

இப்போது பலகைகளின் இரண்டு ஓரமும் மேலே எழும்பி நடு குழிந்து, வெறுங்காலோடு நடந்தால் ஒவ்வொரு விளிம்பும் காலில் தட்டுப்படுகிறது. அறையைத் திறந்தவுடன் நனைந்த சாக்கு மணம். கட்டிலை நகர்த்தினால் கீழே வெள்ளைப் பூஞ்சணம். துவாரத்தால் டோர்ச் அடித்துப் பார்த்தேன், மழை விட்டு எத்தனையோ நாளாகியும் மணல் கறுத்து ஈரமாகத்தான் கிடக்கிறது. ஒருவர் வார்னிஷ் அடி என்கிறார், இன்னொருவர் பலகையைக் கழற்றிவிட்டுக் கொங்றீற் போட்டு டைல்ஸ் பதி என்கிறார். அப்படிச் செய்வதென்றால் தூண் எழுப்பினதே வீண். சீசன் தொடங்கமுதல் ஏதாவது செய்யவேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்முனை மேசன்:

தம்பி, அந்தக் கல்லை உடைத்து எடுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம். தூண் மேல் கட்டுவதே அடியால் காற்று போகவேண்டும் என்பதற்காக. நெல்மூட்டையை யாராவது வெறுந்தரையில் அடுக்குவார்களா? மரச்சட்டத்தில் ஏற்றித்தானே அடுக்குகிறோம், அந்தச் சட்டத்தைச் சுற்றி யாராவது சீமெந்துக் கல் கட்டுவார்களா? பாம்புக்குப் பயமென்றால் கம்பிவலை அடியுங்கள். ஒரு பகல் வேலை.

ஸ்காபரோ மட்டக்களப்பான்:

அண்ணே சொல்வதில் பாதி சரி. நான் இங்கே கனடாவில் வீடு திருத்துகிற தொழில்தான் செய்கிறேன். இந்த நாடுகளில் மரவீட்டுக்குக் கீழே ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடம் விட்டுக் கட்டுவது வழக்கம், உங்கள் அறைக்கு அடியில் இருப்பதும் அதேதான். அமெரிக்காவின் பழைய கட்டட விதிப்படி 150 சதுர அடித் தளத்துக்கு ஒரு சதுர அடி காற்றுத் துவாரம் வேண்டும். உங்கள் அறை 224 சதுர அடி, அப்படியென்றால் ஒன்றரைச் சதுர அடி போதும். நாலு கல் அளவு துவாரம் என்றால் மூன்றரைச் சதுர அடிக்குக் கிட்ட வருகிறது. அதாவது விதி கேட்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேலே திறந்திருக்கிறது, இருந்தும் ஈரம். அப்போ காற்றுக் குறைவு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

காரணம் நிலம். மணல் மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் கீழிருந்து ஆவி ஏறிக்கொண்டே இருக்கும், கடற்கரைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த ஆவியை நிலத்திலேயே மறிக்கவேண்டும். அடி முழுவதும் தடிப்பான பொலித்தீன் விரியுங்கள். துவாரத்தைக் கூட்டுவதா, மூடுவதா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். வட கரோலினாவில் பிரின்ஸ்வில் என்ற ஊரில் ஒரே மாதிரியான 12 வீடுகளை வைத்துப் பார்த்தார்கள். நிலத்துக்குப் பொலித்தீன் போட்டு, துவாரங்களையும் ஒழுங்காக மூடின வீடுகளின் அடிப்பக்கம் காற்றுவிட்ட வீடுகளைவிட வறட்சியாக இருந்தது. அதுவும் கோடையில் புழுங்குகிற ஊர்தான்.

கல்முனை மேசன்:

கரோலினாவில் கடல் உப்பும் கறையானும் நம்மூர் மாதிரி இருக்கோ தெரியாது தம்பி. மூடி வைத்த இடத்தில் கறையான் ஏறினால் யார் பார்ப்பது? திறந்து கிடந்தால் தூணில் மண்கோடு ஏறுவது கண்ணில் படும். நான் பார்த்த வீடுகளில் அடைத்து வைத்ததெல்லாம்தான் முதலில் உக்கினது.

படுவான்கரைப் பொடியன்:

இரண்டு பேரும் ஒன்றையே இரண்டு மாதத்தில் நின்று பார்க்கிறீர்கள். கச்சான் அடிக்கிற காலத்தில், வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும், மேற்கே மலையைத் தாண்டி வருகிற காற்று காய்ந்த காற்று, உடுப்பு ஒரு மணித்தியாலத்தில் காயும். அப்போ அடியைத் திறந்து வைத்தால் மேசன் அண்ணன் சொல்கிற மாதிரி உண்மையாகவே காயும். ஆனால் கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று கடலிலிருந்தும் மழையிலிருந்தும் வருகிறது, அதில் உப்புப் போத்தலே நீர் விடும். அந்தக் காற்றை அடியால் விட்டு எதைக் காயவைப்பது? உள்ளே இருக்கிற ஈரத்தோடு வெளி ஈரமும் சேரும். நம்ம மாவட்டங்களில் வருஷ மழையில் பெரும்பங்கு அந்த மாரிக்காலத்தில்தான் கொட்டுகிறது.

ஆனால் இதெல்லாவற்றுக்கும் முதல் ஒரு கேள்வி. உல்லைக்காரன், கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்துகிற பீலி இருக்கா?

உல்லைக்காரன்:

பீலி இல்லை. ஓட்டுத் தண்ணீர் நேரே கல்லுக்குப் பக்கத்தில் விழுகிறது, விழுந்து விழுந்து சுற்றிவர ஒரு வாய்க்கால் மாதிரிக் குழிந்துவிட்டது. உள்பக்கம் வெளி மணலைவிட அரை அடியாவது பள்ளம், அத்திவாரத்துக்கு வெட்டின மண்ணைத் திருப்பிப் போடவில்லை போல. இன்று ஒரு பக்கக் கல்லை எடுத்துத் தவழ்ந்து போய்ப் பார்த்தேன், கொங்றீற் போடும்போது அடித்த பெட்டிப் பலகைத் துண்டுகளை அப்படியே விட்டிருக்கிறார்கள், அதில் கறையான் புற்று.

படுவான்கரைப் பொடியன்:

இதுதான் விஷயம். கூரை விளிம்போடு சேர்த்து ஒரு 40 சதுர மீட்டர் வரும் என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லீற்றர். மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் விழுவது நமக்குப் புதினமில்லை. அப்படி ஒரு நாளில் ஒரு அறையின் கூரையிலிருந்து மட்டும் 4,000 லீற்றர், கறுத்தத் தாங்கி நாலு நிறைய, கல்லுக்குப் பக்கத்தில் ஊற்றுகிறீர்கள். அது பள்ளமான உள்பக்கத்துக்குப் போகாமல் வேறு எங்கே போகும்? பொலித்தீன் வாங்குவதற்கு முதல் பீலி வாங்குங்கள். பீலி பிடிக்காது, பார்க்க வடிவில்லை என்றால் கூரை விளிம்பு விழுகிற இடத்தில் சுற்றிவர இரண்டரை அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகக் கொங்றீற் தளம் போட்டு, வளவின் தாழ்ந்த பக்கத்துக்கு ஒரு கான் வெட்டிவிடுங்கள். பத்தடிக்கு அரை அடி சரிவு இருந்தால் தண்ணீர் நிற்காது.

கல்முனை மேசன்:

இதை ஒத்துக்கொள்கிறேன். உள்ளே கிறவல் போட்டு வெளி நிலத்தைவிட நாலு அங்குலம் உயர்த்தி, தண்ணீர் தெளித்து நன்றாக இடியுங்கள். பெட்டிப் பலகையில் ஒரு சில்லுக்கூட உள்ளே இருக்கக் கூடாது. அதில்தான் கறையான் பசியாறிவிட்டு மேலே ஏறும்.

கல்லடி டீச்சர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீடு மரத்தளம் இல்லை, சுனாமிக்குப் பிறகு கட்டின சாதாரணக் கல்வீடு. குசினித் தரையில் பிளாஸ்டிக் காப்பெற் விரித்திருக்கிறோம், அதைத் தூக்கினால் அடியில் எப்போதும் ஈரம். சுவரிலும் ஒரு முழ உயரத்துக்குப் பெயின்ற் உரிந்து வெள்ளையாக உப்புப் பூக்கிறது. கடையில் தண்ணீர் புகாத பெயின்ற் என்று தந்தார்கள், அடித்தோம், அடுத்த மாரியில் உப்பு அதற்கு மேலே ஒரு முழம் ஏறிவிட்டது. இதற்கும் பொலித்தீன்தான் மருந்தா?

கல்முனை மேசன்:

டீச்சர், நோய் ஒன்றுதான். அத்திவாரத்தின் மேல் ஈரம் மறிக்கிற படை ஒன்று போடவேண்டும், 1:2 சீமெந்து மணலில் முக்கால் அங்குலத்துக்குச் சாந்து, காய்ந்த பிறகு சூடான தார் இரண்டு பூச்சு, மேலே மணல் தூவி, அதற்குப் பிறகுதான் சுவர்க் கல் வைக்கத் தொடங்கவேண்டும். நாங்கள் டி.பி.சி என்போம். சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் கட்டின வீடுகள் பலவற்றில் அது இல்லை. நிலத்து ஈரம் கல்லில் இருக்கிற மயிர் போன்ற துளைகளால் ஏறும், ஏறும்போது உப்பையும் தூக்கிக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்புச் சுவரிலேயே நிற்கும். நீங்கள் பெயின்றால் அந்த முழத்தை அடைத்துவிட்டீர்கள், வெளியே வர வழியில்லாத ஈரம் வழி தேடி மேலே போயிருக்கிறது. அவ்வளவுதான்.

உரிந்த பூச்சை உப்பு ஏறின உயரத்துக்கு ஒரு அடி மேல்வரை கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுவதும் சுவரைக் காயவிடுங்கள். சுண்ணாம்புச் சாந்து பூசக்கூடிய ஆள் கிடைத்தால் அதைப் பூசுங்கள், அது ஈரத்தை வெளியே விடும். கலக்கிற தண்ணீர் உவர்க் கிணற்றுத் தண்ணீராக இருக்கக் கூடாது, மணல் கடல் மணலாக இருக்கவே கூடாது. தரைக்கு என்ன செய்வதென்று ஸ்காபரோத் தம்பி சொல்லட்டும்.

ஸ்காபரோ மட்டக்களப்பான்:

அக்கா, முதலில் ஒரு சோதனை செய்யுங்கள், காசு செலவில்லை. காப்பெற்றை எடுத்துவிட்டு தரையை ஒரு நாள் காயவிட்டு, இரண்டடிக்கு இரண்டடி தெளிவான பொலித்தீன் துண்டு ஒன்றை நாலு ஓரமும் ரேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். ஒரு இரவும் ஒரு பகலும் கழித்துப் பாருங்கள். பொலித்தீனுக்கு அடியில் தண்ணீர் கோத்திருந்தால் அது நிலத்திலிருந்து வருகிறது. அடி காய்ந்திருந்து மேற்பக்கம் நனைந்திருந்தால் அது வீட்டுக்குள் இருக்கிற காற்றின் ஈரம், குளிர்ந்த தரையில் பட்டுத் தண்ணீராகிறது. முதலாவது என்றால் தரையைக் கிளப்பி 1000 கேஜ், அதாவது கால் மில்லிமீட்டர் தடிப்பான பொலித்தீன் விரித்து மேலே புதுத் தளம் போடுவதுதான் நிரந்தர வழி. இரண்டாவது என்றால் யன்னல் திறக்கிற நேரத்தை மாற்றினாலே பாதி சரி. சோதனை செய்யாமல் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

உல்லைக்காரன் தம்பி, உங்களிடம் ஒரு கேள்வி: அறைகளில் ஏசி இருக்கா? எந்த அறைப் பலகை கூட மோசம்?

உல்லைக்காரன்:

முன் இரண்டு அறையில் ஏசி, பின் இரண்டில் மின்விசிறி மட்டும். நீங்கள் கேட்ட பிறகுதான் போய் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஏசி போட்ட இரண்டிலும்தான் பலகை நன்றாகக் குழிந்திருக்கிறது. பின் அறைகளில் மணம் மட்டும், பலகை பரவாயில்லை. வருகிறவர்கள் ஏசியை 18இல் வைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடுவார்கள், நாங்கள் என்ன சொல்வது.

ஸ்காபரோ மட்டக்களப்பான்:

நினைத்தேன். வெளியே 30 பாகை வெப்பம், ஈரப்பதம் 80 வீதம் என்று வையுங்கள், புழுக்கமான ஒரு இரவுக்குச் சொல்கிறேன். அந்தக் காற்று ஏறத்தாழ 26 பாகைக்குக் குளிர்ந்த எதிலாவது பட்டால் தண்ணீராக மாறும். ஏசியை 18இல் வைத்தால் பலகையின் அடிப்பக்கம் 22, 23க்கு இறங்கிவிடும், அடியிலிருக்கிற புழுக்கக் காற்று அதில் பட்டு வியர்க்கும். ஐஸ் போட்ட சோடாப் போத்தலின் வெளிப்பக்கம் மாதிரி. பலகையின் அடி நனைந்து ஊதுகிறது, மேற்பக்கம் ஏசியில் காய்ந்து சுருங்குகிறது, அதனால்தான் ஓரங்கள் மேலே எழும்புகின்றன.

மேசன் அண்ணன் சொன்னபடி கல்லை எல்லாம் எடுத்துத் திறந்துவிட்டாலும் ஏசி அறைகளுக்கு இது தீராது, ஏனென்றால் வெளிக் காற்றே 26 பாகையில் நீர் விடுகிற காற்று. மின்விசிறி அறைகளுக்குப் பொலித்தீனோடு திறந்துவிடுவது போதும். ஏசி அறைகளுக்குப் பொலித்தீன் போட்டு, தீராந்திகளுக்குக் கீழே ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டின நுரை அட்டையை அடித்து, மூட்டுகளை ரேப்பால் ஒட்டி, குளிர் பலகையோடு புழுக்கக் காற்றைச் சேரவிடாமல் தடுக்கவேண்டும். முடிந்தால் ரிமோட்டை 25க்குக் கீழே இறக்க முடியாதபடி பூட்டிவிடுங்கள், சில ஏசிகளில் அந்த வசதி இருக்கிறது.

படுவான்கரைப் பொடியன்:

18இல் ஏசி, மேலே போர்வை, அடியில் பாம்புக்கும் குளிர். நல்ல சீவியம்.

ஓடாவி காக்கா:

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு வந்தேன், பலகையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தம்பி, வார்னிஷ் எந்தப் பக்கம் அடித்திருக்கிறீர்கள்?

உல்லைக்காரன்:

மேற்பக்கம் மட்டும் காக்கா. அடி வெறும் பலகை.

ஓடாவி காக்கா:

அங்கேதான் பாதிப் பிழை. மேலே அடைத்து அடியைத் திறந்து வைத்தால் மரம் அடியால் மட்டும் குடிக்கும். அடிக்கமுதல் பலகையின் நாலு பக்கமும், வெட்டு முனை இரண்டும் ஒரு பூச்சாவது வாங்கியிருக்கவேண்டும், வெட்டு முனைதான் தண்ணீரை உறிஞ்சுகிற வாய். பைனும் உல்லை மாதிரி இடத்துக்கு மரமில்லை. முதிரையோ பாலையோ தேக்கோ என்றால் செலவு கூட, ஆனால் கறையான் கிட்ட வர யோசிக்கும். பைனை எடுத்தால் மருந்து ஊட்டின பைனாகப் பார்த்து எடுக்கவேண்டும். போரக்ஸ் கரைசல் என்று ஒரு சிலர் அடிக்கிறார்கள், நல்லதுதான், ஆனால் அது தண்ணீரில் கரைந்து போகிற சாமான், ஈரம் நிற்கிற இடத்தில் அடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும். ஈரத்தை முதலில் நிறுத்திவிட்டுத்தான் அதெல்லாம்.

ஈரமானி என்று ஊசி இரண்டு வைத்துக் குத்திப் பார்க்கிற சின்னக் கருவி விற்கிறார்கள். தீராந்தியில் குத்திப் பாருங்கள். 20 வீதத்துக்கு மேலே தொடர்ந்து காட்டினால் உக்கல் பிடிக்க இடம் இருக்கிறது. கருவி இல்லையென்றால் ஒரு திருப்புளியை எடுத்துத் தீராந்தி தூணில் இருக்கிற இடத்தில் அழுத்திப் பாருங்கள், உள்ளே மெதுவாக இறங்கினால் அந்தத் தீராந்தி போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். தூணுக்கும் தீராந்திக்கும் இடையில் என்ன வைத்திருக்கிறது?

உல்லைக்காரன்:

ஒன்றுமில்லை, கொங்றீற்றின் மேல் நேரே மரம். திருப்புளியால் எல்லா இடமும் குத்திப் பார்த்தேன், முன் அறை ஒன்றில் ஒரு மூலை மட்டும் கொஞ்சம் இறங்குகிறது, மற்றதெல்லாம் இறுக்கம்.

ஓடாவி காக்கா:

ஜாக்கி வைத்து ஒவ்வொரு தூணாக ஒரு விரல் அளவு தூக்கி, தகரத்தைத் தூணைவிட இரண்டு அங்குலம் வெளியே நீளும்படி வெட்டி, ஓரத்தைக் கீழே மடித்துச் செருகுங்கள். துருப்பிடிக்காத தகரம், கடற்கரை என்றபடியால் அலுமினியம் நல்லது, ஆனால் பச்சைக் கொங்றீற்றில் அலுமினியம் நேரே பட்டால் அரிக்கும், நடுவில் ஒரு தார்ச் சீற் துண்டு வையுங்கள். தூணால் ஏறுகிற ஈரமும் நிற்கும், கறையானும் அந்த மடிப்பைச் சுற்றி வெளியாலே கோடு போட்டுத்தான் ஏற முடியும், கண்ணுக்குத் தெரியும்.

சம்மாந்துறை வயற்காரன்:

நீங்கள் எல்லாரும் மணலைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்குக் களிமண். 2011 ஜனவரி வெள்ளத்தில் என் களஞ்சிய அறைக்கு அடியால் தண்ணீர் போனது, அதுவும் இதே மாதிரி உயர்த்தின மரத்தளம்தான். இங்கே பொலித்தீன் விரித்து என்ன பயன், வெள்ளம் வந்தால் மிதந்து வெளியே வந்துவிடுமே. மணலில் தண்ணீர் இறங்கிவிடும், களியில் பொலித்தீனுக்கு மேலே குளமாக நிற்கும், நுளம்பு வரும், டெங்குக்காரர்கள் வந்து எழுதிவிட்டுப் போவார்கள்.

ஸ்காபரோ மட்டக்களப்பான்:

நியாயமான கேள்வி. வெள்ளம் ஏறுகிற இடத்தில் அடியை முழுக்க மூடவே கூடாது. வெளியில் தண்ணீர் ஏறும்போது உள்ளேயும் அதே மட்டத்துக்கு ஏறவேண்டும், இல்லாவிட்டால் வெளித் தண்ணீரின் பாரத்தில் கல்லுச் சுவர் உள்ளே சரியும். அமெரிக்காவில் வெள்ளம் வருகிற பகுதிகளுக்கு ஒரு விதி இருக்கிறது, ஒரு சதுர அடித் தளத்துக்கு ஒரு சதுர அங்குலத் திறப்பு, அதன் கீழ் விளிம்பு நிலத்திலிருந்து ஒரு அடிக்குள் இருக்கவேண்டும். உல்லைக்காரனின் துவாரங்கள் அளவில் போதும், உயரத்தை அளந்து பார்க்கட்டும், மேலே இருந்தால் கீழே இறக்கவேண்டும்.

களிமண்ணுக்குப் பொலித்தீன் போடத்தான் வேண்டும், களி மாதக் கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருந்து மெல்ல மெல்ல விடும். ஆனால் விரிக்கமுதல் நிலத்தை ஒரு மூலைக்குச் சரித்து, அந்த மூலையில் கல்லைத் துளைத்து ஒரு குழாயை வெளிக் கானுக்கு எடுத்துவிடுங்கள், பொலித்தீன் மேல் விழுகிற தண்ணீர் தானே ஓடிவிடும். மிதக்காமல் இருக்க மேலே இரண்டு அங்குலம் மெல்லிய கொங்றீற் போடலாம். வசதியில்லையென்றால் செங்கல்லை வரிசையாக வையுங்கள், வெள்ளம் வற்றினதும் ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்து இழுத்துச் சரிசெய்யவேண்டியதுதான்.

சம்மாந்துறை வயற்காரன்:

குழாய் யோசனை நல்லது. வெளிக் கான் மட்டம் அறைக்குக் கீழே இருந்தால்தான் ஓடும், மட்டம் பார்க்கவேண்டும்.

கல்லடி டீச்சர்:

பொலித்தீன் சோதனை செய்து பார்த்தேன். அடியில்தான் தண்ணீர், முத்து முத்தாக. அப்போ தரையைக் கிளப்பத்தான் வேண்டும் போல. மார்கழியில் எங்கள் கிணற்றில் வாளியை எட்டியே கோரலாம், வாவித் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டினால்தான் கொஞ்சம் இறங்கும், அந்தத் தண்ணீர்தான் குசினிக்குள் வருகிறது என்று இப்போது விளங்குகிறது.

கல்முனை மேசன்:

கோடையில் செய்யுங்கள் டீச்சர், ஆடி ஆவணியில் கிணறு இறங்கினபிறகு. பொலித்தீனைச் சுவர்ப் பக்கம் டி.பி.சி இருக்கவேண்டிய மட்டம் வரைக்கும் மடித்து ஏற்றவேண்டும், தரையோடு வெட்டிவிட்டால் அந்த இடுக்கால் திரும்ப வரும். விரித்த பிறகு அதற்கு மேல் கம்பி கட்டுகிற பொடியன்கள் சப்பாத்தோடு நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது நான் கத்திக் கத்தி அலுத்த விஷயம்.

உல்லைக்காரன்:

சரி, நான் செய்யப்போவது இது. பெட்டிப் பலகை எல்லாம் எடுத்தாயிற்று. பீலிக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். உள்ளே கிறவல் போட்டு உயர்த்துகிறேன். பின் அறைகளில் கல்லை எடுத்துவிட்டுக் கம்பிவலை. முன் அறைகளில் கல்லை விட்டுவிட்டு, பொலித்தீனும் நுரை அட்டையும். பொலித்தீன் என்ன அளவு, எவ்வளவு வாங்குவது, எப்படி விரிப்பது?

ஸ்காபரோ மட்டக்களப்பான்:

நீங்கள் திறக்கப்போகிற பின் இரண்டு அறைக்கும் பொலித்தீன் போடுங்கள், திறந்திருந்தாலும் நிலத்து ஆவி நிற்கவேண்டும். இங்கே குறைந்தது 0.15 மில்லிமீட்டர் என்பார்கள், உங்கள் கடைக்கணக்கில் அது 600 கேஜ். 1000 கேஜ் எடுத்தால் கால் மில்லிமீட்டர், உள்ளே தவழ்ந்து திரிந்தாலும் கிழியாது. ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 230 கிராம் வரும். உங்கள் அறை 21 சதுர மீட்டர், மேல்மடிப்பும் ஓரமும் சேர்த்து 28 என்று வைத்தால் அறைக்கு ஆறரைக் கிலோ, கிலோ கணக்கில் விற்கிற கடையில் ஏமாறாமல் இருக்க இந்தக் கணக்குப் போதும். பழைய பொலித்தீனை உருக்கிச் செய்த மலிவுச் சாமானைக் கையால் இழுத்துப் பாருங்கள், நீளாமல் டக்கென்று கிழிந்தால் வேண்டாம்.

ஒன்றின் மேல் ஒன்று ஒரு அடி ஏறவேண்டும், மூட்டை ரேப்பால் ஒட்டவேண்டும். தூணைச் சுற்றி வெட்டி, ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். கல்லுப் பக்கத்திலும் அப்படியே அரை அடி ஏற்றுங்கள், ஆனால் தீராந்தி வரை கொண்டுபோய் ஒட்டவேண்டாம், கறையான் கோடு ஏறினால் பார்க்க இடம் வேண்டும். ஒரு ஆள் நுழைகிற கதவு ஒன்று வையுங்கள், அதில்லாமல் எல்லாவற்றையும் கட்டி மூடிவிட்டால் அடுத்த மாரியில் யாரும் உள்ளே போகமாட்டார்கள்.

கல்முனை மேசன்:

கறையானுக்கு இடம் விட்டதால் கனடாத் தம்பியை மன்னிக்கிறேன். முன் அறைத் துவாரங்களுக்கு மூடி போடுவதென்றால் வெள்ளத்துக்குத் தானே திறக்கிற மாதிரிச் சும்மா சாத்தி வையுங்கள், சீமெந்து பூசாதீர்கள். வாடைக்காலத்தில் சாத்தி, கச்சான் எடுத்ததும் திறந்துவிடுங்கள்.

உல்லைக்காரன்:

கடைசிக் கேள்வி காக்கா. குழிந்த பலகையை இப்போதே மெஷினால் சீவி மட்டமாக்கிவிடட்டுமா? அடுத்த கிழமை ஒரு ஆள் மெஷினோடு வருகிறேன் என்கிறார், சீசனுக்கு முன் முடித்துவிடலாம்.

ஓடாவி காக்கா:

தொடவே வேண்டாம். இப்போது எழும்பி நிற்கிற ஓரத்தைச் சீவினால், அடி காய்ந்து பலகை தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது சீவின ஓரம் பள்ளமாகி நடு முதுகு தூக்கி நிற்கும், அதை ஒருவராலும் திருத்த முடியாது. முதலில் பீலி, கிறவல், பொலித்தீன். பிறகு ஒரு கச்சான் காலம் முழுவதும் விடுங்கள், ஏசியில் குளிரைக் கூட்டாமல். ஈரமானி பலகையின் மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்டினால் அப்போது சீவலாம், பெரும்பாலும் பாதிக்கு மேல் தானே படிந்திருக்கும், சீவ வேலையிருக்காது. சீசன் போகிறதே என்று யோசித்தால் இந்த வருஷத்துக்குப் பன்பாய் விரித்துச் சமாளியுங்கள், பிளாஸ்டிக் காப்பெற் மட்டும் விரிக்காதீர்கள். மெஷின்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.